அலுமினியம் ஒட்டும் என்று சொல்லி டிசி மெஷினை விற்றுவிட்டார்கள்: 38,500 ரூபாய் போயிற்று

டிக் வெல்டிங் (டார்ச்சிலுள்ள டங்ஸ்டன் முனையில் ஆர்க் எழுப்பி, ஆர்கான் கேஸின் பாதுகாப்பில் உலோகத்தை உருக்கி ஒட்டும் முறை) புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள், குறிப்பாகக் கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் போய் மெஷின் வாங்க நினைப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். வெல்டிங் சாதனங்கள் விற்கும் ஒரு கடையில் 38,500 ரூபாயை இழந்திருக்கிறேன். இன்று காலையில்தான் "இனிமே போன் பண்ணாதீங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றுபவர்கள் அதிகம். பிடி விட்டுப்போன அலுமினியப் பால் கேன்களைச் சரிசெய்து தருவதற்காகத்தான் மெஷின் வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னதோடு, உடைந்த பிடி ஒன்றையும் கையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எனக்கு டீ வரவழைத்தார், பிறகு "நீங்க நம்ம ஆளுங்க தம்பி, உங்களுக்குப் போயி தப்பான பொருளைக் கொடுப்பனுங்களா? இதுல பல்ஸ் இருக்குது, அலுமினியமும் நல்லா ஓடும்" என்றார். எல்லைக்கு அப்பால் வாழ்கிற என்னைத் தம் ஆள் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் 38,500 ரூபாயை எண்ணி வைத்தேன்.

பட்டறையில் ஆர்க் அடித்தபோது அலுமினியம் பளபளவென்று உருகி ஓடவில்லை. தோல் போர்த்தியதுபோல் மங்கிச் சுருங்கி நின்றது. இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் கம்பி அதோடு கலக்காமல் உருண்டு ஒதுங்கியது. கரண்ட்டைக் கூட்டினால் திடீரென்று ஓட்டை விழுந்தது. கடையில் கேட்டபோது முதலில் கை பழகவில்லை என்றார்கள். பிறகு கேஸ் சரியில்லை என்றார்கள். சிலிண்டரில் இருந்ததோ சுத்தமான ஆர்கான். அழுக்கு என்றதும் அசிட்டோனால் துடைத்து, அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருந்த ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்தேன். கடைசியில் அலுமினியத்துக்கான 4043 ரகக் கம்பியையும் அவர்களே என் தலையில் கட்டினார்கள். இவை எல்லாமே அலுமினிய வேலையில் உண்மையாகவே கோளாறு தரக்கூடியவை என்பதால்தான் புதியவர்களை இப்படி அலைக்கழிக்க முடிகிறது.

கஞ்சிக்கோட்டில் வேலை செய்யும் வெல்டர் அண்ணன் ஒருவர் முன்பக்கப் பேனலைப் பார்த்ததுமே "இதுல ஏசியே இல்லையே" என்றார். ஏசி என்றால் திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டம்; டிசி ஒரே திசையில் பாய்வது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதன்மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். ஏசியில் மின்னோட்டம் திசை மாறி, டங்ஸ்டன் பாசிட்டிவாக இருக்கும் நேரத்தில்தான் அந்த ஆக்சைடு உடைந்து விலகுகிறது. இந்த மெஷினில் இருக்கும் பல்ஸ் வெறும் டிசி கரண்ட்டை ஏற்றி இறக்குவதோடு சரி. டிசியிலேயே டார்ச்சைப் பாசிட்டிவில் மாட்டினாலோ டங்ஸ்டன்தான் உருகும்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு போனால், முதலாளி ஊரில் இல்லை என்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். "ஆர்க் வருதில்ல, அப்புறமென்ன? அலுமினியத்துக்குன்னு பில்லுல எங்கீங்க எழுதியிருக்குது?" என்று கேட்கிறார்கள். பில்லில் இருப்பது "வெல்டிங் மெஷின் 1, ரூ. 38,500" என்பது மட்டுமே. வாய்கூசாமல் சொன்ன பொய்க்கு 38,500 ரூபாய்!

பேனலில் ஏசி, டிசி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கண்முன்னே அலுமினியத் துண்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் "ஏசி டிக், அலுமினியத்துக்கு" என்று எழுதி வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நான் பாலக்காட்டில் கொடுக்கப்போகிறேன்.