பெரு போகிறவர்கள் கவனத்துக்கு: 2,480 டாலரை எங்கள் கையாலேயே எண்ணிக் கொடுத்தோம்

பெருவின் அமேசான் பக்கத்து ஊரான இக்கிட்டோஸ் விமான நிலையத்தில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். லிமா விமானத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "சரி, போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். நடந்ததை முதலில் சொல்கிறேன். ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஹூஸ்டனில் மகன் வீட்டுக்கு வரும் சாக்கில், நானும் என் வீட்டுக்காரரும் அப்படியே பெரு பார்த்துவிடலாம் என்று ஊரிலேயே திட்டம் போட்டோம். அமேசான் பக்கம் போவதால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசிகூடப் போட்டுக்கொண்டோம். பெரிய சுற்றுலா முன்பதிவுத் தளம் ஒன்றில் எட்டு நாள் பயணம் கிடைத்தது. பெயர் போடவில்லை, போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மகன் பயமுறுத்துகிறான். குஸ்கோ, புனிதப் பள்ளத்தாக்கு, மச்சு பிச்சு, எல்லா இடத்துக்கும் ஆங்கிலம் பேசும் வழிகாட்டி. அப்புறம் இக்கிட்டோஸ் போய் பக்காயா சமிரியா காப்புக்காட்டுக்குள் மூன்று இரவு படகுப் பயணம். விமான டிக்கெட் நம் செலவு. மற்றதெல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 3,100 டாலர்.

மற்ற இடங்களில் படகுக்கு மட்டுமே ஓர் ஆளுக்கு அதற்கு மேல் கேட்டார்கள். அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். மலிவு என்றால்தான் எனக்குக் கண் தெரியாதே. 620 டாலர் தளத்தில் முன்பணம், மீதி 2,480 டாலர் பயணத்தை நடத்துகிறவர்களின் குஸ்கோ அலுவலகத்தில்.

அந்த அலுவலகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் விழுந்தது அங்கேதான். குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரம். ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு. பிளாசா தெ அர்மாஸ் சதுக்கத்தை ஒட்டிய சந்தில் மாடிப்படி ஏறியதும் என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது, முகம் வெளுத்துவிட்டது. அங்கே இருந்த பெண் பதறிப்போய் அவரைச் சோபாவில் சாய்த்து உட்கார வைத்தாள். கோக்கா இலை போட்டு வெந்நீர் கொதிக்கவைத்து, ஆற்றி, கையில் கொடுத்தாள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். என்னை "மமீத்தா, மமீத்தா" என்றே கூப்பிட்டாள். நம் ஊரில் "அம்மா" என்பதுபோலத்தான். அரை மணி நேரம் பணப் பேச்சே எடுக்கவில்லை. எனக்கு மனசு உருகிவிட்டது. பெற்ற மகள்கூட இப்படிப் பார்ப்பாளா என்று நினைத்தேன், அதுவும் உண்மை.

அப்புறம்தான் சொன்னாள்: அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை, ரொக்கமாகக் கொடுத்தால் நல்லது. ஹூஸ்டனிலிருந்து டாலர் கொண்டுபோயிருந்தோம். நூறு டாலர் தாள் இருபத்து நான்கு, இருபது டாலர் தாள் நான்கு. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஓரம் லேசாகக் கிழிந்த ஒரு தாளைத் திருப்பித் தந்து வேறு கேட்டாள். அந்த ஊரில் கிழிசல் நோட்டு செல்லாது, அது பொதுவான வழக்கம். எங்கள் நோட்டை அவள் அவ்வளவு சோதித்தாள். அவள் கொடுத்த ரசீதை நாங்கள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டது. நுழைவுக் கட்டணம் எல்லாம் அடக்கம் என்று போட்டிருந்தது. வந்த வழிகாட்டி, குஸ்கோ சுற்றுலாச் சீட்டு உங்கள் செலவு என்று ஆளுக்கு 130 சோல் (பெரு நாணயம்) கொடுத்து வாங்க வைத்தான். சக்சைவாமான் என்ற இன்காக் கோட்டையில் நூறு டன்னைத் தாண்டும் என்று சொல்லப்படும் கற்களை சாந்தே இல்லாமல் பொருத்திக் கட்டியிருக்கிறார்கள். வளைந்து வளைந்து மூன்று அடுக்காகப் போகும் அந்த மதிலை ஒரு முழு நாள் பார்க்கலாம். எங்களுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். அதில் பாதி நேரம் அவன் போனில். பிறகு ஒரு அல்பாக்கா கம்பளிக் கடையில் ஒன்றரை மணி நேரம், ஏன் என்று கேட்க வேண்டுமா?

மச்சு பிச்சுவில் 2024 ஜூனிலிருந்து மூன்று சுற்றுப்பாதைகள். எது என்று டிக்கெட்டிலேயே இருக்கும், பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். உள்ளே போய் மாற்றிக்கொள்ள முடியாது. எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தது இரண்டாவது பாதை. மேல் அடுக்கிலிருந்து ஊரையே ஒரு பார்வையில் பார்த்துவிட்டு உள்ளே இறங்கிப் போகிற பாதை அதுதான். விடியுமுன் மலையடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தெஸில் பஸ் வரிசையில் நிற்கும்போது வழிகாட்டி டிக்கெட்டைக் கையில் திணித்தான். மூன்றாவது பாதை, கீழ்ப்பக்கம் மட்டும். கேட்டால் "எல்லாம் ஒரே கல்தானே சென்யோரா" என்கிறான். இத்தனை கண்டங்கள் தாண்டி வந்து அந்த மேல் அடுக்கை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அப்போதும் பொறுத்துக்கொண்டோம். படகு இருக்கிறதே என்று.

இக்கிட்டோஸுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. விமானம், இல்லையென்றால் ஆறு. வந்து இறங்கினால் பெயர்ப்பலகையோடு நிற்கிறேன் என்ற ஆள் இல்லை. போன் போட்டால் அதே மமீத்தா குரல்: படகு இங்கேயிருந்து இல்லை, நவுத்தாவிலிருந்து புறப்படும், டாக்சி பிடித்துப் போங்கள், காசைத் திருப்பித் தருகிறோம். நவுத்தா ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அந்த ஒரு சாலைதான், அதுவும் அங்கேயே முடிந்துவிடுகிறது. போனோம். கரையில் மரான்யோன் ஆறு பழுப்பாக ஓடுகிறது. நாங்கள் பெட்டியோடு வெயிலில் நிற்கிறோம். ரசீதில் எழுதியிருந்த படகின் பெயரைக் காட்டினால், அந்தப் படகின் ஆளே பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு உங்கள் பெயர் இல்லை, யாரும் பணம் கட்டவில்லை என்கிறார்.

மறுபடி போன். "ஆற்றில் தண்ணீர் குறைவு, பயணம் ரத்து." ஆகஸ்டில் தண்ணீர் குறைவு என்பது உண்மைதான். ஆனால் என் கண் முன்னால் இரண்டு படகுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்! சரி, பணத்தைக் கொடு என்றேன். "மன்யானா" என்றாள். நாளைக்கு. மறுநாள் கேட்டால் மேலாளர் லிமா போயிருக்கிறார். அதற்கடுத்த நாள் வங்கி விடுமுறை. அது செவ்வாய்க்கிழமை! நேற்றிலிருந்து நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

தளத்தின் வாடிக்கையாளர் சேவை இன்னும் மேல். முதலில் பேசியது எந்திரம். பிறகு வந்த ஆள், மீதியைத் தளத்துக்கு வெளியே செலுத்தியதால் 2,480 டாலருக்குப் பொறுப்பில்லை என்றார். அப்படிச் செலுத்தச் சொன்னதே உங்கள் பக்கத்தில் போட்டிருந்த குறிப்புதானே என்று படம் எடுத்து அனுப்பினேன். வருத்தம் தெரிவித்து, அடுத்த பயணத்துக்கு 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த பயணமாம்.

இந்த விமான நிலையத்தில் ஐபெரு என்ற அரசின் சுற்றுலா உதவி மேசை இருக்கிறது. அங்கிருந்த பெண் ரசீதைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கிவிட்டார். அதில் ரூக் எண் இல்லை. அந்த ஊர் வரிப்பதிவு எண், 11 இலக்கம். நம் ஜிஎஸ்டி எண் மாதிரி. இல்லாவிட்டால் அது வெறும் தாள். இண்டெகோபி என்ற நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுக்க வழி சொல்லித் தந்தார், கொடுத்திருக்கிறேன். நம்பிக்கை இல்லை.

மச்சு பிச்சு பார்த்த செலவைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடு என்கிறான் மகன். கழிக்க மாட்டேன். 2,480 டாலர். ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு மேல். ஊசி குத்தின வலிதான் மிச்சம்.

வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள், விவரமாக எழுத நேரமில்லை. முழுப் பணத்தையும் தளத்திலேயே அட்டையில் கட்டுங்கள், அங்கே போய் ரொக்கம் கொடுக்காதீர்கள். ரூக் எண் இல்லாத ரசீதை வாங்காதீர்கள். மச்சு பிச்சு டிக்கெட்டை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி, பாதை எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் பாருங்கள். படகுக்காரருக்கு நீங்களே நேராகப் போன் போட்டு உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். புகார் எழுத எல்லாக் கடையிலும் ஒரு புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது, குஸ்கோவிலேயே கேட்டு எழுதிவிடுங்கள், எங்களுக்கு அது தெரியாமல் போயிற்று.

அந்தத் தளத்தில் இப்போதுதான் பார்த்தேன். அதே எட்டு நாள் பயணம், அதே படகுப் படம், இன்னும் விற்பனையில் இருக்கிறது. செப்டம்பருக்கு இரண்டு இடம்தான் பாக்கியாம்.