கல்யாண எடிட்ட டிவியில போட்டுப் பாக்க அல்ட்ராஸ்டுடியோ மானிட்டர் 3ஜி: ரெண்டு சீசன் ஓட்டினதுக்கு அப்புறம்

மண்டப வாசல்ல வாழைமரம் கட்டியிருப்பாங்கல்ல, நம்ம கேமரா பையன் கிம்பல்ல (கேமரா ஆடாம பிடிக்கிற ஸ்டாண்டு) அதத் தாண்டி மெதுவா உள்ள நடந்து போவான், ஹைலைட்ஸ்ல ஃபர்ஸ்ட் ஷாட்டே பெரும்பாலும் அதுதான். போன வருஷம் ஒரு கல்யாணத்துல அந்த ஷாட்ட லேப்டாப்ல எடிட்டிங் டைம்லைன்ல போட்டுப் பாக்குறேன், வாழைத்தண்டு சீரா நகராம விட்டு விட்டு இழுக்குது. உடனே பையனுக்கு போனப் போட்டு, ஏன்டா பேலன்ஸ் பண்ணாமலே எடுத்தியான்னு கத்திட்டேன். "இல்லண்ணே, கேமராவுல ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தாண்ணே இருந்துச்சு"ன்னான். நான் நம்பல. சாஃப்ட்வேர்ல ஆட்டத்தக் கொறைக்கிற ஸ்டெபிலைசரப் போட்டேன், தூணெல்லாம் ஜெல்லி மாதிரி ஆட ஆரம்பிச்சிருச்சு, அதையும் எடுத்துட்டு ஷாட்டையே தூக்கிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு, எடிட் பண்ற படத்த லேப்டாப்ல இருந்து டிவிக்கு அனுப்புற இந்தப் பொட்டி வந்துச்சு. டெஸ்ட் பண்ண கைக்கு கெடைச்ச டைம்லைன் அதுதான், அந்த ஷாட்டப் போட்டேன், டிவியில தண்ணி மாதிரி போகுது. பையன் மேல ஒரு தப்பும் இல்ல. விஷயம் என்னன்னா நாங்க எடுக்குறது செகண்டுக்கு 25 ஃப்ரேம், என் லேப்டாப் ஸ்க்ரீன் செகண்டுக்கு 60 தடவை மாறுது, 60-ல 25 சமமா போகாது, அதனால ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவை நிக்கும் அடுத்தது மூணு தடவை நிக்கும், இப்படி 5 ஃப்ரேமுக்கு 12 தடவைன்னு நொண்டிக்கிட்டே போகும். பேசுற சீன்ல இது கண்ணுக்கே தெரியாது, மெதுவா நகர்ற ஷாட்டுல பளிச்சுன்னு தெரியும். பொட்டி டிவிக்கு 25-ன்னே சிக்னல் அனுப்புது, டிவி அதுக்கு ஏத்த மாதிரி தன்ன மாத்திக்குது, அவ்ளோதான். பையன்கிட்ட சாரி சொல்லிட்டேன், ஒரு பிரியாணியும் ஆச்சு.

சரி, பொட்டி என்னன்னு சொல்லிடறேன். பிளாக்மேஜிக் கம்பெனியோட அல்ட்ராஸ்டுடியோ மானிட்டர் 3ஜி. கையில அடங்குற சைஸ்தான். ஒரு பக்கம் தண்டர்போல்ட் 3 (பாக்க டைப்-சி மாதிரியே இருக்குற வேகமான போர்ட்), இன்னொரு பக்கம் டிவிக்குப் போற எச்டிஎம்ஐயும், ஸ்டுடியோக்காரங்க வீடியோ அனுப்புற எஸ்டிஐயும். தனியா அடாப்டர் கிடையாது, லேப்டாப்ல இருந்தே கரண்ட் எடுத்துக்கும். 2020-ல வந்தப்ப அமெரிக்காவுல 115 டாலர், இங்க நமக்கு பத்தாயிரத்துக்கு மேல ஆகுது, கேபிளுக்குத் தனியா காசு. இது படத்தப் பதிவு பண்ணாது, வெளிய அனுப்ப மட்டுந்தான் செய்யும், பதிவு பண்றதுக்கு ரெக்கார்டர்னு இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, அவசரத்துல மாத்தி ஆர்டர் போட்டுராதீங்க.

இதுக்கு முன்னாடி டைப்-சி டாங்கிள் ஒண்ணு வாங்கி அதுல எச்டிஎம்ஐ சொருகி டிவிய ரெண்டாவது மானிட்டரா போட்டு ஃபுல் ஸ்க்ரீன்ல பாத்துக்கிட்டு இருந்தேன். அதுலயும் படம் வரும், பெருசாத் தெரியும், ஃபோகஸ் போன ஷாட் எதுன்னு மாட்டும், அதெல்லாம் ஓகே. கலர்லதான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒரு ரிசப்ஷன், மாப்பிள்ளைக்குக் கறுப்பு கோட்டு. டிவியில பாத்தா கோட்டுல பட்டன் கூடத் தெரியல, மொத்தமும் கரி அப்பின மாதிரி இருக்கு. நானும் இருட்டா எடுத்துட்டோம் போலன்னு பிளாக்க ஏத்தி ஏத்தி, பட்டன் தெரியுற வரைக்கும் ஏத்தி, ரெண்டர் போட்டு பென்டிரைவ்ல குடுத்துட்டேன். மறுநாளே பொண்ணோட அப்பா போன். "தம்பி, மாப்பிள்ளை கோட்டு என்ன இப்படி வெளுத்துப் போயிருக்கு, நாங்க கடையில கறுப்புல்ல எடுத்தோம்?" நேர்ல போய்ப் பாத்தேன், அவர் சொன்னது சரிதான், சாம்பல் பூசின மாதிரி இருந்துச்சு.

எங்க தப்பாச்சுன்னா, கம்ப்யூட்டர் கணக்குல கறுப்பு 0, வெள்ளை 255. வீடியோ கணக்குல கறுப்பு 16, வெள்ளை 235. லேப்டாப் அதோட கணக்குல அனுப்பியிருக்கு, என் டிவி அத வீடியோ கணக்குன்னு நெனச்சு 16-க்குக் கீழ இருந்த எல்லாத்தையும் கறுப்புன்னு முழுங்கிருச்சு. பென்டிரைவ்ல ஓட்டுனப்ப டிவி சரியாத்தான் படிச்சிருக்கு, நான் ஏத்தினது அப்படியே வெளிய வந்துருச்சு. இதுக்கு டிவி மெனுல ஒரு செட்டிங் இருக்கு, பெரும்பாலான டிவிலயும் இருக்கு, ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு பேரு. பொட்டியில போனா இந்த வம்பு இல்ல, அது டிவிக்குப் புரியுற வீடியோ கணக்குலயே அனுப்பும், நான் எடிட் பண்ற டாவின்ச்சி ரிசால்வ் சாஃப்ட்வேர்ல ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல வீடியோ மானிட்டரிங்னு ஒரு இடம் இருக்கு, அங்க லெவல வீடியோன்னு வச்சிட்டா முடிஞ்சிருச்சு. ஃப்ரீ வெர்ஷன் ரிசால்வ்லயே இது வேலை செய்யுது, அதுக்குன்னு ஸ்டுடியோ வெர்ஷன் வாங்கத் தேவையில்ல.

அப்புறம் என் லேப்டாப் மேக், அது வேற தன் பங்குக்கு ஸ்க்ரீனுக்கு ஏத்த மாதிரி கலர மாத்திக் காட்டும், எனக்கு ட்ரூ டோன் வேற ஆன்லயே இருந்திருக்கு, சாயங்காலம் டியூப்லைட் போட்டா ஒரு கலரு, பகல்ல ஒரு கலரு. மாம்பழக் கலர் பட்டுக்கு அரக்கு பார்டர், அத நான் ராத்திரி உக்காந்து கரெக்ட் பண்ணி காலையில பாத்தா எலுமிச்சம்பழத்துக்கு ரத்தச் சிவப்பு பார்டர் போட்ட மாதிரி நிக்குது. பொட்டி வழியா போற சிக்னல மேக் தொடாது, அத ஒரு மானிட்டராவே கணக்குல எடுக்காது. இதுல இன்னொரு லாபம், மேக்புக் ஏர் எம்1 வெளிய ஒரே ஒரு மானிட்டர்தான் எடுக்கும்னு சொல்வாங்க, பொட்டி அந்தக் கணக்குல வராததால டைம்லைனுக்கு ஒரு மானிட்டர், படத்துக்கு டிவின்னு ரெண்டையும் ஓட்டலாம். ஓட்டலாம்னு சொல்றேன், போர்ட் இருந்தா. ஏர்ல இருக்குறதே ரெண்டு போர்ட், ஒண்ணுல சார்ஜர், ஒண்ணுல பொட்டி, ஃபுட்டேஜ் இருக்குற எஸ்எஸ்டிய தலையிலயா சொருகுறது? பொட்டியில மறுபடி வெளிய எடுக்குற தண்டர்போல்ட் போர்ட் கிடையாது. நான் இப்ப கலர் பண்றப்ப சார்ஜரக் கழட்டிட்டுத்தான் உக்கார்றேன், எம்1-ங்கறதால தாங்குது.

வாங்கின அன்னிக்கு ஒரு மணி நேரம் பொட்டி செத்துப் போச்சுன்னே நெனச்சேன். சொருகியிருந்தது போன் சார்ஜர் ஒயர். பாக்க அதே டைப்-சி தான், ஆனா இதுக்கு தண்டர்போல்ட் ஒயரே வேணும், ஒயர் முனையில மின்னல் குறி போட்டிருக்கும் பாருங்க. லேப்டாப்பும் அப்படித்தான், வெறும் யூஎஸ்பி-சி போர்ட் இருக்குற லேப்டாப்ல இது எழும்பவே எழும்பாது, விண்டோஸ்ல எடிட் பண்றவங்க மொதல்ல அதப் பாத்துட்டு காசக் கட்டுங்க. டெஸ்க்டாப் வீடியோன்னு பிளாக்மேஜிக்கோட சாஃப்ட்வேரையும் போடணும், போட்டுட்டு ஒரு ரீஸ்டார்ட்.

பொட்டி நல்லா அனுப்பினாலும் டிவி சும்மா இருக்காது, அது வேற கதை. கடையில பளபளன்னு தெரியணும்னு விவிட்ல வச்சு அனுப்பியிருப்பாங்க, அதுல முகமெல்லாம் ஆரஞ்சா இருக்கும். சினிமா இல்லேன்னா மூவின்னு ஒரு மோட் இருக்கும், அதுக்கு மாத்துங்க. ஷார்ப்னஸ்ஸ அடியோட கொறச்சிருங்க. ஃப்ரேமுக்கு நடுவுல இல்லாத ஃப்ரேம அதுவா செஞ்சு சொருகுற ஒரு மோஷன் செட்டிங் இருக்கும், அத ஆஃப் பண்ணாம விட்டா கல்யாணமே சீரியல் மாதிரி தெரியும். டிவி படத்தோட ஓரத்த வெட்டிட்டுக் காட்டுற ஓவர்ஸ்கேனயும் பாருங்க, எனக்கு வெட்டுனது அஞ்சாறு பிக்சலோட நிக்கல, பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்ட டைட்டில்ல கீழ் வரியே பாதி வெட்டுப்பட்டு இருந்துச்சு, எழுத்தத்தான் மேல ஏத்தணும் போலன்னு ஏத்திக்கிட்டே இருந்தேன்.

சவுண்ட் ஒரு சின்ன தலைவலி. டிவி படத்த வாங்கி யோசிச்சுக் காட்டுறதுக்குள்ள லேப்டாப் ஸ்பீக்கர்ல சத்தம் முந்திரும். கெட்டிமேளத்துல தவில் குச்சி இன்னும் மேல இருக்கும், அடி விழுந்துருக்கும். சவுண்டையும் பொட்டி வழியாவே டிவிக்கு விட்டுட்டா ஓரளவு சேர்ந்துக்கும். சிங்க் பாக்குறப்ப மட்டும் நான் டிவி யோசிக்கிற நேரத்தக் கொறைக்கிற கேம் மோட் போட்டுக்குவேன், கலர் பாக்குறப்ப மறக்காம திருப்பி மாத்தணும், ஒரு தடவை மறந்தேன்.

எஸ்டிஐ எதுக்குன்னு வாங்குனப்ப தெரியல. ஒரு ரிசப்ஷன்ல ஸ்பாட் எடிட் போட்டோம், அதாவது காலையில எடுத்த முகூர்த்தத்த மண்டபத்துலயே உக்காந்து வெட்டி சாயங்காலம் எல்ஈடி வால்ல போடுறது. வால் மேடைக்குப் பின்னாடி, நாங்க சாப்பாட்டு ஹால் பக்கம். அவ்ளோ தூரத்துக்கு சாதாரண எச்டிஎம்ஐ ஒயர் இழுத்தா படம் நிக்காது, எஸ்டிஐ ஒயர் நின்னுச்சு, முனையத் திருகி லாக் பண்றதால யாராச்சும் கால்ல தட்டினாலும் கழண்டு வராது. அன்னிக்கு ஒரு நாள்லயே போட்ட காசு வந்துச்சுன்னு வச்சுக்கலாம்.

கொறைன்னு சொன்னா 1080பி எச்டி, செகண்டுக்கு 60 ஃப்ரேம், அது வரைக்குந்தான். 4கே-ல எடிட் பண்ணாலும் டிவியில எச்டியாத்தான் காட்டும். கலருக்கும் நகர்ற விதத்துக்கும் அது போதும், 4கே-ல கண் இமை ஷார்ப்பா இருக்கான்னு பாக்கணும்னா வேற பொட்டி பாக்கணும், காசும் வேற. எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் அதிகமா பிரிச்சுக் காட்டுற வீடியோ) கேக்குற க்ளையண்ட் எனக்கு இதுவரைக்கும் வரல. ரீல்ஸ் மட்டும் வெட்டிக் குடுக்குறவங்க இதப் பத்தி யோசிக்கவே வேணாம், பாக்குறது போன்ல, நீங்களும் ஃபைல போனுக்கு அனுப்பி அங்கயே பாருங்க. அடோபி பிரீமியர் சாஃப்ட்வேர்ல எடிட் பண்றவங்க, கலர் பெருசா தொடமாட்டேன், பெருசா தெரிஞ்சா போதும்னா, ப்ளேபேக் செட்டிங்ஸ்ல மெர்குரி டிரான்ஸ்மிட்டத் தட்டி விட்டு ரெண்டாவது மானிட்டர டிக் பண்ணிக்கங்க, செலவே இல்ல.

கோட்டு வெளுத்துப் போன வீட்டுக்கு மறுபடி கலர் பண்ணி புது பென்டிரைவ் குடுத்தேன். இந்தத் தடவை அவங்களையே ஆபீஸுக்கு வரச்சொல்லி டிவியில போட்டுக் காட்டினேன், கோட்டு கறுப்பா இருக்கு, பட்டன் தெரியுது, அப்பா தலைய ஆட்டினார். பொண்ணோட அத்தை மட்டும் கடைசி வரைக்கும் பாத்துட்டு, "ஏன் தம்பி, ஆரத்தி எடுத்தது நானு, கையி மட்டுந்தான் தெரியுது"ன்னாங்க. அதுக்குப் பொட்டி இல்ல, திரும்ப டைம்லைனத் தொறந்தேன்.