ஜட்ஜ் ஜூடியா, லோக் அதாலத்தா?

வரப்புத் தகராறுக்காகப் பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு நடையாய் நடந்த எங்க பெரியப்பா, யூடியூபில் 'ஜட்ஜ் ஜூடி' என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, "ஏல, இந்தம்மா வந்தா அரைமணியில முடிச்சிரும்லா!" என்றார்.

லேஸ் காலரும் வெடுக்குப் பேச்சுமாக 1996 முதல் 2021 வரை அமர்ந்த ஜூடி ஷைண்ட்லின், முன்பு நியூயார்க் குடும்ப நீதிமன்ற நீதிபதிதான். ஆனால் அந்த செட் கோர்ட் அல்ல; இருதரப்பும் எழுதிக்கொடுத்து ஏற்கும் நடுவர் விசாரணை. தீர்ப்புத் தொகைக்கு உச்சவரம்பு 5,000 டாலர். அதையும் தோற்றவர் தந்ததில்லை, நிகழ்ச்சிக்காரர்களே கொடுத்துவிட்டார்கள். பிறகென்ன, திட்டு வாங்க யாருக்குக் கசந்திருக்கும்?

நம்மூர் சமரச மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் கேமரா இல்லை, அதட்டலும் இல்லை. இருவரும் சம்மதித்தால்தான் முடிவு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பும். பெரியப்பாவுக்கு இதுதான் சரி. பக்கத்து வயல்காரர் சம்மதிக்கணுமே!