துண்டான கட்டைவிரலை ஒட்டவைக்க எந்தத் தமனி: உள்பக்கமா, வெளிப்பக்கமா?

மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தில் துடிக்கும் ரேடியல் தமனி, கட்டைவிரலின் அடியிலுள்ள குழி வழியாகப் புறங்கைக்குப் போய், கட்டைவிரல், சுட்டுவிரல் இரண்டின் உள்ளங்கை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கைக்குள் நுழைகிறது. அங்கே பெரும்பாலும் ‘பிரின்செப்ஸ் பாலிசிஸ்’ என்ற கிளையைத் தருகிறது. பெயருக்குப் பொருளே ‘கட்டைவிரலின் தலைவன்’தான். அது இரண்டாகப் பிரிந்து விரலின் இருபக்கமும் ஓடுகிறது.

இரண்டும் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். சுட்டுவிரலைப் பார்த்த உள்பக்கத் தமனிதான் வழக்கமாகத் தடிமன். வெளிப்பக்கத்தது ஒல்லி, சிலருக்கு மிகவும் ஒல்லி. சுண்டுவிரலிலும் இதே கதைதான்: அங்கேயும் நடுவிரலைப் பார்த்த பக்கமே பெரியது.

துண்டான கட்டைவிரலை ஒட்டவைக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும். 1965இல் ஜப்பானின் நாரா மாகாணத்தில் கோமாட்சு, தாமாய் என்ற மருத்துவர்கள் முதன்முதலில் அதைச் செய்துகாட்டினார்கள். ரத்தம் நன்றாகப் பாய உள்பக்கத் தமனியே தேவை. ஆனால் அது இருக்கும் இடம் இருக்கிறதே, அப்பப்பா! கையை நன்றாக முறுக்கித் திருப்பினால்தான் நுண்ணோக்கியில் தெரியும். வெளிப்பக்கத் தமனி எளிதாகக் கைக்கு எட்டும், ஆனால் மெல்லியது, தையல் போட்டபின் அடைத்துக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம்.

என்னைக் கேட்டால் உள்பக்கம்தான். கையை முறுக்கச் சிரமம் என்றால், எலும்பைப் பொருத்துவதற்கு முன்பே அந்தத் தமனியோடு ஒரு சிரைத் துண்டை இணைத்து, அப்புறம் மறுமுனையை மணிக்கட்டுப் பக்கமுள்ள ரேடியல் தமனியில் தைத்துவிடலாம்.