யாரும் இறங்காத ஸ்டேஷன்களில் இறங்கிப் பார்த்த அனுபவம்

ஜப்பானில் ஏறத்தாழ பாதி ரயில் நிலையங்களில் ஊழியர் என்று யாரும் கிடையாது. அவற்றிலும் சில ஸ்டேஷன்களைச் சுற்றி வீடு இருக்காது, கடை இருக்காது, சிலவற்றுக்குச் சாலைகூட இருக்காது. ஆனாலும் நாளுக்குச் சில ரயில்கள் ஒழுங்காக வந்து, நின்று, கதவைத் திறந்து மூடிவிட்டுப் போகும். அங்குள்ள ரயில் பித்தர்கள் இவற்றை ஹிக்கியோ எக்கி என்பார்கள். எது மிகத் தனிமையானது என்று தரவரிசை போட்டு அதற்காக வாதாடவும் செய்வார்கள். வேலைக்காக ஹமாமட்சுவுக்குக் குடிவந்த பிறகு எனக்கும் இது ஒட்டிக்கொண்டது. பல வருடமாக லீவு கிடைத்தால் கிளம்பிவிடுகிறேன். "அங்க போய் என்னடா பண்ணுவ?" என்று நண்பர்கள் கேட்பார்கள். அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பேன், வேறென்ன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் எந்த இடத்துக்குப் போவது என்று முடிவு செய்வது நாம் இல்லை, டைம்டேபிள்தான். போகிற ரயிலைப் பார்க்கும் முன் திரும்புகிற ரயிலைப் பார்க்க வேண்டும். புகைப்படத்தில் மயங்கி ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்தால் ஐந்து மணி நேரம் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க நேரிடும். திரும்பும் ரயிலை வைத்துத் தேர்ந்தெடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் நிம்மதியாகச் சுற்றிவிட்டுக் கிளம்பலாம்.

ஆரம்பிப்பவர்களுக்கு என் சிபாரிசு ஈடா லைன். டொயோஹாஷியிலிருந்து தட்சுனோ வரை 195.7 கிலோமீட்டர், 94 நிலையங்கள். சாதாரண ரயிலில் முழுதும் போக ஆறேழு மணி நேரம் பிடிக்கும். இதன் நடுப்பகுதி தென்ரியூ ஆற்றுப் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவை ஒட்டியே போகிறது. அந்தப் பாறைகளில் தொங்கி அளவெடுக்க, வடகோடித் தீவான ஹொக்கைடோவிலிருந்து கவாமுரா கனேட்டோ என்ற ஐனு இனத்து சர்வேயரையும் அவருடைய ஆட்களையும் வரவழைத்தார்கள். ஜன்னல் வழியே கீழே பார்த்தால் ஏன் என்பது புரிந்துவிடும். ஷிரோனிஷிக்குப் பக்கத்தில் ஒரு பாலம் இருக்கிறது. ஆற்றைக் கடக்கப் போவது போல் ஏறி, கடக்காமலே வளைந்து அதே கரைக்குத் திரும்பிவிடும். தூங்கிவிடாதீர்கள்.

இந்த லைனில் கொவாடாதான் நட்சத்திரம். ஷிசுவோகா, ஐச்சி, நகானோ என்ற மூன்று மாகாணங்கள் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. பிளாட்பாரத்திலேயே அதைக் காட்டும் பலகை உண்டு. 1936இல் திறந்தபோது கீழே ஊர் இருந்தது. 1956இல் சகுமா அணை கட்டி முடித்ததும் குடியிருப்பு தண்ணீருக்குள் போனது, ஸ்டேஷன் மட்டும் மேலே தங்கியது. வேடிக்கை என்னவென்றால், நான் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் அதே ஹமாமட்சு மாநகர எல்லைக்குள்தான் இதுவும் வருகிறது. ஆனால் காரை எடுத்துக்கொண்டு போக முடியாது. பக்கத்துக் குடியிருப்புக்கே மலைப்பாதையில் சுமார் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். 1993இல் பட்டத்து இளவரசரின் திருமணம் நடந்தபோது மணமகளின் குடும்பப் பெயரும் இந்த ஸ்டேஷன் பெயரும் ஒரே எழுத்துகளில் அமைந்ததால் கூட்டம் அலைமோதியதாம். இப்போது மரக் கட்டடமும், கொஞ்சம் கீழே இறங்கினால் பாழடைந்த தேயிலைப் பதனிடும் கூடமும், புதருக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு பழைய டைஹட்சு மிட்ஜெட் மூன்றுசக்கர வண்டியும்தான். சாலையே இல்லாத இடத்தில் அந்த வண்டி நிற்பதைப் பார்த்தால், ஒரு காலத்தில் அங்கே வழி இருந்தது என்பது எந்தப் பலகையும் சொல்லாமலே தெரியும்.

தமோட்டோ வேறு மாதிரி. ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் கான்கிரீட் பூசிய செங்குத்துச் சுவர், நடுவில் மிகக் குறுகலான பிளாட்பாரம். சுவரிலிருந்து ஒரு பெரிய பாறை தலைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும். வெளியேற வேண்டுமானால் சுரங்க வாய்க்கு மேலே ஏறும் படிகள்தான் வழி. எனக்குக் கொவாடாவை விட இது அதிகம் பிடிக்கும். கொவாடாவில் எப்போது போனாலும் கேமராவோடு இரண்டு பேராவது இருப்பார்கள்.

ஈடா லைனில் காத்திருப்பைக் குறைக்க ஒரு வித்தை உண்டு, உள்ளூர் ரசிகர்கள் எல்லாரும் செய்வதுதான். ஒரு ஸ்டேஷனில் இறங்கி அதே திசையில் வரும் அடுத்த ரயிலுக்காகக் காத்திருக்காமல், எதிர்த்திசையில் வருவதில் ஏறிப் பின்னால் விட்டுவந்த ஸ்டேஷனுக்குப் போவது. அங்கே கொஞ்ச நேரம், பிறகு மறுபடி முன்னால். முன்னும் பின்னுமாக இப்படித் தைத்துக்கொண்டே போனால் ஒரே நாளில் கொவாடா, நகாய்சமுராய், தமோட்டோ, கின்னோ என்று பார்த்துவிடலாம். முந்தின இரவு உட்கார்ந்து காகிதத்தில் இதைக் கணக்குப் போடுவதே பாதி சுகம்.

அடுத்து கொபோரோ. ஹொக்கைடோவில், தொயோஉரா ஊராட்சி எல்லையில், இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே நூறு மீட்டர்கூட இல்லாத இடைவெளியில் இருக்கிறது. மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், சாலை அறவே கிடையாது. தரவரிசைகளில் பல காலமாக முதலிடம். இவ்வளவு சொன்னதும் பேரமைதி என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். இது முரோரான் மெயின் லைன். ஹொக்கைடோவின் பெரிய நகரமான சப்போரோவுக்கும் ஜப்பானின் முக்கியத் தீவான ஹொன்ஷுவுக்கும் இடையே ஓடும் சரக்கு ரயில்களும் ஹொக்குடோ எக்ஸ்பிரஸ்களும் இந்த வழியாகத்தான் போகின்றன. சுரங்கத்திலிருந்து முதலில் காற்று வரும், பிறகு சத்தம், அதற்குள் ரயில் அடுத்த சுரங்கத்துக்குள் நுழைந்திருக்கும். நமக்காக நிற்பவை மட்டும்தான் விரல்விட்டு எண்ணும் அளவு. ஒற்றைத் தண்டவாளக் காலத்தில் எதிரெதிர் ரயில்கள் ஒதுங்கிப் போவதற்காக 1943இல் அமைத்த சிக்னல் நிலையம் இது. பயணிகளுக்கான முறையான நிலையம் என்று ஆனது 1987இல்தான். அதாவது ஊருக்காக வந்த ஸ்டேஷனே இல்லை.

காட்டுப்பாதையில் கடற்கரைக்கு இறங்கினால் குகைக்குள் கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் சன்னதி ஒன்று இருக்கிறது. துறவி என்கூ செதுக்கிய சிலை என்பார்கள். கரடிக்குப் பயந்து ஒரு துறவி சிலைக்குப் பின்னால் ஒளிய, கரடி சிலையின் தலையைக் கடித்துக்கொண்டு போனது என்று ஒரு கதையும் உண்டு. கதையை விடுங்கள், கரடி நிஜம். ஹொக்கைடோவின் பழுப்புக் கரடி சின்ன விலங்கு இல்லை. பையில் மணி கட்டாமல் அந்தப் பாதையில் இறங்காதீர்கள். தனியாக இருந்தால் பிளாட்பாரத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

2015இல் இந்த ஸ்டேஷனை மூடும் பேச்சு வந்தது. பராமரிப்புச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று தொயோஉரா முன்வந்து, 2016 முதல் அப்படித்தான் நடத்தியது. தன் ஊர்க்காரர் ஒருவரும் பயன்படுத்தாத ஸ்டேஷனுக்கு ஒரு சின்ன ஊர் பணம் கட்டுகிறது, என்னைப் போன்றவர்கள் வருகிறார்கள் என்பதற்காக. அதனால்தான் இந்த இடங்களுக்கு ரயிலில் டிக்கெட் எடுத்தே போக வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சண்டை பிடிக்கிறேன். சாலை உள்ள ஸ்டேஷன்களுக்குக் காரில் வந்து, பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு, "ஐயோ, இதை மூடப்போகிறார்களா!" என்று வருத்தப்படுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

வாட்ஸ்அப்பில் சுற்றிய கதை ஞாபகம் இருக்கும்: ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஜப்பான் ரயில் ஓட்டியது என்று. அதில் காமி-ஷிராதாகி என்ற பெயரைப் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் உண்மையில் ஏறியது அதே லைனில் இருந்த கியூ-ஷிராதாகியில். அவளுக்காக மட்டும் ரயில் ஓடவும் இல்லை, வேறு ஊர்களின் பயணிகளும் அதில் இருந்தார்கள். இரண்டு ஸ்டேஷன்களும் 2016 மார்ச்சில் மூடப்பட்டன. அதன் பிறகும் மூடல் நிற்கவில்லை. 2021 மார்ச்சில் ஹொக்கைடோவில் ஒரே நாளில் 18 நிலையங்கள் போயின. 2025 மார்ச்சில் பக்காய் போனது, 1924இல் கட்டிய மரக் கட்டடத்தோடு. நாட்டின் கிழக்குக் கோடி ஸ்டேஷனான ஹிகாஷி-நெமுரோவும் அதே நாளில் போனது. பக்காய் இருந்த சோயா லைனிலேயே நுகானன் தப்பித்தது. அதன் பிளாட்பாரம் வெறும் மரப் பலகை, காத்திருப்பு அறை என்பது வீட்டுத் தோட்டத்தில் சாமான் போட்டுவைக்கும் தகரக் கொட்டகை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் பனியில் நிற்க வேண்டியதுதான். டிசம்பரில் ரசிகர்கள் கூடி அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள்!

ஆகவே ஈடா லைனில் பழகியதும் வரிசை இதுதான்: மூடல் நடக்கும் வடக்கு முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். முன்பு சேய்ஷுன் 18 என்ற, சாதாரண ரயில்களில் நாள் முழுக்க எவ்வளவு தூரமும் போக உதவும் டிக்கெட்டை 12,050 யென்னுக்கு எந்த ஐந்து நாளும் பயன்படுத்தலாம் என்று இருந்தது. வார இறுதிகளாகப் பார்த்துப் பிரித்துக்கொள்வேன். 2024 குளிர்காலத்திலிருந்து தொடர்ச்சியான நாட்கள் மட்டும்: மூன்று நாளுக்கு 10,000 யென், ஐந்து நாளுக்கு 12,050 யென். தானியங்கி கேட்டில் நுழைத்துப் போகலாம் என்ற வசதி வந்தது, சரி. ஆனால் சனி ஞாயிறை நம்பி வாழும் ஆட்களுக்கு இது பழைய டிக்கெட் இல்லை. இப்போது நான் பெரும்பாலும் சாதாரண டிக்கெட்தான் எடுக்கிறேன்.

சில்லறை கட்டாயம். ஓட்டுநர் மட்டுமே உள்ள ஒற்றைப் பெட்டி ரயிலில் ஏறும்போது எண் போட்ட சீட்டை இழுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது முன்னால் உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே காட்டும் கட்டணத்தைப் பெட்டியில் போட வேண்டும். சில்லறை மாற்றும் இயந்திரம் 1,000 யென் நோட்டுக்கு மேல் வாங்காது, தொட்டுக் கட்டணம் செலுத்தும் ஐசி கார்டை நம்ப முடியாது. சாப்பாடும் தண்ணீரும் கையிலேயே. நான் எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்வேன், மதியம் வரை தாங்கும். குப்பை திரும்பவும் நம் பையில்தான். மலை லைன்கள் கனமழைக்குச் சட்டென்று நின்றுவிடும். அப்படிப்பட்ட நாளில் சாலையில்லாத ஸ்டேஷனில் இறங்குவது வீரம் இல்லை. போன் சிக்னலும் பல இடங்களில் இருக்காது.

அநேகமாக எல்லா இடத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும், வந்தவர்கள் எழுதிவைப்பதற்கு. அதைப் படிக்கவே நேரம் போதாது. வேலையை விட்டவர், மகனோடு வந்தவர், அழகாக ரயில் படம் வரைந்தவர் எல்லாரும் இருப்பார்கள். நான் தமிழில் இரண்டு வரி எழுதிவிட்டு வருவேன்.

ட்சுபோஜிரி ஸ்டேஷனுக்கு, ஷிகோகு தீவுக்குப் போகிறவர்கள் மட்டும் போனால் போதும். ரயில் முன்பின்னாக ஏறி இறங்கும் ஸ்விட்ச்பேக் அருமை, ஆனால் பாம்பு ஜாக்கிரதை என்ற பலகை சும்மா வைத்தது இல்லை. குன்மாவில் உள்ள டோஆய்க்கு மூட்டுவலிக்காரர்கள் யோசித்துப் போகவும். மினகாமியிலிருந்து போனால் சுரங்கத்துக்குள் இருக்கும் பிளாட்பாரத்தில் இறங்கி, வாசலுக்கு வர மொத்தம் 486 படி ஏற வேண்டும். நீகாதா பக்கமிருந்து வந்தால் தரைமட்டத்திலேயே இறங்கலாம்.

குழந்தைகளோடு போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒகு-ஒய்கோஜோ. ஓய் ஆற்று அணை நீருக்குள் நீண்ட மலைமுனையில், இரண்டு பக்கமும் சிவப்புப் பாலத்தோடு 1990இல் வந்த ஸ்டேஷன். போகும் வழியில் ஆயிரத்துக்குத் தொண்ணூறு என்ற ஏற்றத்தைப் பற்சக்கர எஞ்சின் தள்ளிக்கொண்டு ஏறும். ஜப்பானில் அதைவிடச் செங்குத்தான ரயில் ஏற்றம் கிடையாது. இப்போது கூட்டம் அதிகம், தனிமை என்று ஒன்றும் இல்லை, ஆனால் பிள்ளைகளுக்கு அலுக்காது. 2022 செப்டம்பர் புயலில் கீழே உள்ள மெயின் லைன் சேதமடைந்ததால், நான் கடைசியாகப் போனபோது இந்த மலை லைன் தொடங்கும் சென்சு வரை கொஞ்ச தூரம் பஸ்ஸில்தான் போக வேண்டியிருந்தது. கிளம்பும் முன் பஸ் நேரத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.