பொதிகை அடிவாரத்தில் சைக்கிள்: சேரன்மகாதேவி முதல் புளியரை வரை

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் குடியேறிய பிறகுதான் எனக்குச் சைக்கிளில் நெடுந்தூரம் போகும் பழக்கம் வந்தது. 2014ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயம் எங்கள் நகரிலிருந்து புறப்பட்டது. அதன் பிறகு யார்க்ஷயரின் மேட்டுச் சாலைகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம். அந்த மேடுகளில் மிதிக்கும்போதெல்லாம், சிறுவயதில் அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசிக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னலில் பார்த்த சாலை மனதில் ஓடும். இந்தத் தை மாதம் ஊருக்கு வந்தபோது சைக்கிளையும் பெட்டியில் கட்டி எடுத்து வந்தேன். சித்தப்பா மகன் தன் சைக்கிளுடன் துணைக்கு வந்தான். இதே ஆசையுடன் ஊருக்கு வர நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, சாலையைப் பற்றியும் வழியில் கிடைத்த, கிடைக்காத வசதிகளைப் பற்றியும் எழுதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே படிப்படியாக உயர்வதில்லை. வயல் முடிகிற இடத்தில் எழுந்து நின்றுவிடுகிறது. அகத்தியமலையின் உச்சி 1,868 மீட்டர். மலைமேல் ஏறும் சாலைகள் பெரும்பாலும் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. ஆகவே செங்குத்தான ஏற்றத்தைத் தேடி வருகிறவர்களுக்கு இந்த வட்டாரம் பொருந்தாது. மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, சேரன்மகாதேவியிலிருந்து செங்கோட்டை வரை அடிவாரத்தை ஒட்டி ஓட்டுவதுதான் இங்கே சுகம். சாலை தெரியாமலே ஏறும், ஆற்றுப் பாலங்களில் இறங்கும், மறுபடி ஏறும்.

பத்தமடை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஊர்கள் நெருக்கமாக வருகின்றன. அடுத்த டீக்கடைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. தையில் பிசானப் பருவ நெற்பயிர் கதிர் வாங்கி நிற்கும். கால்வாயில் தண்ணீர் ஓடும். கல்லிடைக்குறிச்சியில் தாமிரபரணியைத் தாண்டினால் அம்பாசமுத்திரம். திருநெல்வேலியிலிருந்து அதுவரை சுமார் 35 கிலோமீட்டர். காலையில் வெயில் ஏறுமுன் வந்துவிடலாம்.

அம்பாசமுத்திரத்தில்தான் எனக்கு வேலை வந்தது. விமான நிறுவனம் ஒன்று பெட்டியைப் போட்டு உருட்டியதில், பின்சக்கரத்துக் கியரைத் தாங்கும் அலுமினியக் கொக்கி உள்பக்கம் வளைந்திருந்தது. சிறிய கியருக்கு வந்தால் செயின் துள்ளியது. பெரிய பல்லுக்குப் போனால் கியர், சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளில் உரசியது. இத்தகைய சைக்கிளைப் பழுது பார்க்கத் திருநெல்வேலிக்குத்தான் திரும்ப வேண்டும் என்று தம்பி சொன்னான். அதற்குள் சாலையோரத்தில், வாசலில் டயர்கள் தொங்கிய ஒரு சிறிய கடை கண்ணில் பட்டது.

கடைக்காரர் அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தச் சொல்லிவிட்டு, பின்னால் குந்தி உட்கார்ந்து, பெடலைக் கையால் சுற்றிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "செயின் நல்லாத்தான் இருக்கிறது. கொக்கிதான் கோணிவிட்டது, அம்மா" என்றார். கியரின் போல்ட்டில் நீளமான ஆலன் கீயைச் செருகி, அதையே நெம்புகோலாக வைத்து மெதுவாக வெளிப்பக்கம் இழுத்தார். சக்கரத்துக்கு நேராக வந்துவிட்டதா என்று தம்பியைப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னார். "இரும்பு என்றால் எத்தனை தடவையும் வளைக்கலாம். இது அலுமினியம். ஒரு தடவைதான் தாங்கும். மறுபடி வளைத்தால் ஒடிந்துவிடும். ஊருக்குப் போனதும் மாற்றிவிடுங்கள்." லீட்ஸில் என் சைக்கிளைப் பார்க்கும் மெக்கானிக்கும் இதைத்தான் சொல்வார். அன்று சரிசெய்த கியர் பயணம் முடியும்வரை ஒரு முறைகூடத் துள்ளவில்லை.

இந்தக் கடைகளை நம்பி வரலாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டிகள் ஊருக்கு ஊர் ஓடுவதால், பஞ்சர் ஒட்டவும், ரிம் பெண்டு எடுக்கவும், வண்டியை முழுவதும் பிரித்து ஓவராயில் செய்யவும் ஆள் இருக்கிறார்கள். கிடைக்காதவை உதிரிப்பாகங்கள். நம் டயர் அளவில் டியூப் கிடைக்காது. இரண்டு டியூபாவது கையில் இருக்க வேண்டும். நம் டியூப்பின் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு அண்ணாச்சியின் பம்பு பொருந்தவில்லை. விரல் நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்றைத் திருகிவிட்டால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் எந்தக் கடையிலும் வேலை முடிந்துவிடும். என்னிடம் கூடுதலாக இருந்த ஒன்றை அவர் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்து வருகிறவருக்கு உதவும்.

மணிமுத்தாறு அணை வரை கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு கிளைப் பயணம் போனோம். 1958இல் திறக்கப்பட்ட அணை. வழி அமைதியானது. அதற்கு மேல் மாஞ்சோலைக்குப் போகும் சாலையைப் பார்த்ததும் எந்தச் சைக்கிள்காரருக்கும் கால் துடிக்கும். வனத்துறைச் சாவடியில் இருந்த காவலர், யானையும் கரடியும் நடமாடும் காடு, சைக்கிளில் விட முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அதில் எனக்குக் குறையே இல்லை. 1988இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு இது. அதில் நம் ஏற்ற ஆசைக்கு இடம் கேட்பது நியாயமாகாது. கடையம், சிவசைலம் பக்கத்து மலையோர ஊர்களிலும் சிறுத்தை, கரடி நடமாட்டம் உண்டு. விடிந்த பிறகு புறப்பட்டு, இருட்டுமுன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும்.

முழுப் பயணத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது ஆழ்வார்குறிச்சிக்கும் கடையத்துக்கும் நடுவே உள்ள பகுதி. ஆழ்வார்குறிச்சியிலிருந்து சிவசைலம் கோயிலுக்குத் திரும்பினால், கடனாநதிக் கரையில் மரநிழலிலேயே ஓட்டலாம். மலை அவ்வளவு அருகில் இருப்பதால் மேகத்தின் நிழல் சரிவில் நகர்வது தெரியும். கடையம், பாரதியாரின் மனைவி செல்லம்மாவின் ஊர். 1918 இறுதியிலிருந்து 1920 வரை பாரதியார் இங்கே வாழ்ந்தார். ஊருக்கு மேற்கே, அடிவாரத்தில் நித்தியகல்யாணி அம்மன் கோயில் இருக்கிறது. சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போய் வந்தோம். பூக்கடை அக்கா கேட்காமலே பார்த்துக்கொண்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய குறை வேகத்தடை. வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைகள் ஊர் எல்லைகளில் திடீரென்று வருகின்றன. மரநிழல் விழுந்த இடத்தில் கண்ணுக்கே தெரியாது. இறக்கத்தில் வேகமாக வந்தால் ஆளைத் தூக்கி எறியும். ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் தீர்த்துவைக்கக்கூடிய ஆபத்து இது என்பதால்தான் மனம் ஆறவில்லை. அறுவடை தொடங்கிவிட்டால் சாலையின் பாதியில் நெல் காயும். அது அவர்களுடைய களம் என்று எண்ணி விலகி ஓட்டுவதே முறை.

பெண்கள் கேட்கும் முதல் கேள்வி கழிப்பறையாகத்தான் இருக்கும். பெட்ரோல் பங்குகளும் ரயில் நிலையங்களும்தான் துணை. பங்குகளில் கேட்டால் சாவி தருகிறார்கள். சுத்தம் இடத்துக்கு இடம் மாறுகிறது. தங்கிய விடுதிகளில் ஒன்றில், சைக்கிளை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, வாசலில் பூட்டி வையுங்கள் என்றார்கள். நெடுநேரம் பேசிய பிறகு மாடிப்படிக்குக் கீழே இடம் தந்தார்கள். முன்பதிவு செய்யும்போதே தரைத்தள அறையையும் சைக்கிளுக்கான இடத்தையும் கேட்டுவிடுங்கள். டீக்கடைகளில் எல்லாம் ஜிபே இருக்கிறது. நம்மிடம் அது இல்லாவிட்டால் பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் தோன்றாத பெரிய வசதி ரயில். திருநெல்வேலி–செங்கோட்டைப் பாதை ஏறத்தாழ இதே ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. களைத்துவிட்டால் அம்பாசமுத்திரத்திலோ தென்காசியிலோ ஏறித் திரும்பிவிடலாம். நாங்கள் திரும்பும்போது லக்கேஜ் சீட்டுப் போட்டு, கார்டு பெட்டியில் ஏற்றினோம். அவசரமில்லாமல், அக்கறையாக ஏற்றி இறக்கினார்கள். சிறிய நிலையங்களில் வண்டி நிற்கும் நேரம் மிகக் குறைவு. அங்கே முயல வேண்டாம்.

தென்காசியைத் தாண்டினால் குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். சீசன் இல்லாத நாளில் ஐந்தருவிச் சாலை காலியாக இருந்தது. செங்கோட்டைக்கு அப்பால் புளியரையில்தான் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. எஸ் வளைவில் மேலே பார்த்தால் சாலை மடங்கி மடங்கிக் கோட்டைவாசல் வரை போகிறது. கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகும் லாரிகள் இங்கே மிக அதிகம். வளைவில் அவை முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். ஞாயிறு காலை போங்கள். ஆரியங்காவைத் தாண்டிக் கழுதுருட்டி வரை போனால் 1904இல் ரயில் வந்த காலத்துப் பதின்மூன்று கண் பாலம் சாலையோரத்திலேயே நிற்கிறது. திரும்பும் வழியில் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டோம். மிதித்த பசிக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை.

தெற்கே சேரன்மகாதேவியிலிருந்து களக்காடு, திருக்குறுங்குடி வழியாகப் பணகுடி போகும் சாலையும் நல்ல சாலை; வாழைத் தோட்டங்களும் குளங்களும் விடாமல் வரும். ஆனால் பணகுடியை நெருங்கினால் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று. காற்றாலைகளை அங்கே காரணமில்லாமல் நடவில்லை. செங்கோட்டைக் கணவாயிலும் இதே கதைதான். ஆனி, ஆடியில் குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்கள் மேற்கு நோக்கி ஓட்டினால் காற்று நெஞ்சில் அடிக்கும். அந்த மாதங்களில் சைக்கிளை ரயிலில் செங்கோட்டைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கிழக்கே திருநெல்வேலிக்கு ஓட்டுங்கள். தென்காசி தாண்டும்வரை சாரல் இருக்கும். மட்கார்டு மாட்டிக்கொண்டு வாருங்கள்.