ஏர் கன் ரிப்பேர், பாரிமுனை: நாலு ஸ்டார், ஒண்ணு பிடித்தம்

கொரட்டூரில் ரெண்டு கார் நிறுத்தி வேலை பார்க்கிற அளவுக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். போன வருஷம் வாங்கின அரை இன்ச் ஏர் கன், அதாவது காற்றில் ஓடி வீல் நட்டு கழற்றுகிற மெஷின், எட்டே மாதத்தில் படுத்துவிட்டது. ட்ரிக்கரை அழுத்தினால் கடகடவென்று சத்தம் மட்டும் வரும், வீல் நட்டு அசையாது. கடைசியில் பானா போட்டு, அதன்மேல் வேலைப் பையன் ஏறி நின்று குதித்துக் கழற்றினான். கார்க்காரர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்தார்.

வாங்கின இடத்துக்கே கொண்டுபோனேன். பிரித்துக்கூடப் பார்க்காமல், "மோட்டார் போச்சு சார், புதுசா எடுத்துக்கங்க" என்று கேட்லாக்கை நீட்டினார்கள். அப்போதுதான் பழக்கமான டிங்கர் ஒருவர் இந்தக் கடையைச் சொன்னார்.

ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி செம்புதாஸ் தெருப் பக்கம் நடக்க வேண்டும். இரும்புக் குழாய்க் கடைகளுக்கு நடுவே ஒரு சந்து, சந்துக்குள் மாடிப்படி, மாடிப்படிக்கு அடியில் கடை. போர்டு கிடையாது. டீக்கடையில் "கன் ரிப்பேர் பெரியவர்" என்று கேட்டால் கை காட்டுவார்கள். நான் மஞ்சப்பையில் கன்னையும், அதன் முனையில் நட்டைப் பிடிக்க மாட்டுகிற சாக்கெட்டையும் போட்டுக்கொண்டு போனேன்.

பெரியவர் கன்னை வைஸில் பிடித்து, பின்மூடியில் இருந்த நாலு ஆலன் போல்ட்டையும் கழற்றி, ரோட்டாரை வெளியே எடுத்தார். ரோட்டாரில் பள்ளம் பள்ளமாக வெட்டி, அதில் மெல்லிய பிளேடுகள் செருகியிருக்கும். காற்று தள்ளும்போது அந்த பிளேடுகள் வெளியே வந்து சிலிண்டர் சுவரைத் தொட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். என்னுடையதில் ஆறில் நாலு பள்ளத்தோடு ஒட்டிக் கிடந்தன. பெரியவர் சிலிண்டருக்குள் ஆள்காட்டி விரலை விட்டுத் துழாவி, தினத்தந்தி மேல் ஒரு இழுப்பு இழுத்தார். டிகாக்‌ஷன் மாதிரி ஒரு கோடு. துருவும் தண்ணியும்.

"டேங்க் தண்ணி கடைசியா எப்ப உட்டே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கன்னுக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசரின் டேங்க்குக்கு அடியில் வால்வு இருப்பது தெரியும். அதைத் திறந்ததாக ஞாபகம் இல்லை.

சென்னைக் காற்றில் எப்போதும் ஈரம்தான். கம்ப்ரசர் ஏழெட்டு டேங்க் காற்றை ஒரு டேங்க்குக்குள் அடைக்கும்போது அந்த ஈரத்துக்கு இடம் போதாது. காற்று ஆறினதும் தண்ணியாகக் கீழே தங்கிவிடும். நம்பாதவர்கள் என்னைப் போல ஒரு நாள் வாட்டர் பாட்டில் வைத்துப் பிடித்துப் பாருங்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம் வால்வைத் திறந்ததில் ஒரு லிட்டர் பாட்டில் நிரம்பி மேலே வழிந்தது. பால் கலந்த மாதிரி, எண்ணெய் வாடையோடு. வெளியே விடாவிட்டால் அது கன்னுக்குள் போகும், டேங்க்கையும் உள்ளிருந்தே அரிக்கும்.

பிளேடு செட், முன் பேரிங், கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். புதுசு எடுத்திருந்தால் ஏழாயிரத்துக்கு மேல்.

பணத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடவில்லை. "லைன் போட்டோ கீதா?" என்றார். போனில் இருந்ததைக் காட்டினேன். கம்ப்ரசரிலிருந்து ஷெட் முழுக்க வீட்டுக்குத் தண்ணி இழுக்கிற பிவிசி பைப். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கன்ன அப்புறம் மாட்டு. மொதல்ல இத்த கயட்டு."

சொன்னதில் நியாயம் இருக்கிறது. தண்ணி பைப் வெடித்தால் பீய்ச்சும், அதோடு சரி. காற்று அப்படி இல்லை, அமுக்கி வைத்த ஸ்பிரிங் மாதிரி. வெயிலிலும் கம்ப்ரசர் சூட்டிலும் கிடந்த பிவிசி மொறுமொறுத்துப்போய், வெடிக்கும்போது கத்தி கத்தியாகச் சிதறும். அந்த வாரமே ஜிஐ இரும்பு பைப்புக்கு மாற்றினேன். லேசான சரிவு கொடுத்து, சரிவு முடிகிற இடத்தில் ஒரு ட்ரெயின் வால்வு. கன்னுக்குப் போகிற கிளையை மெயின் பைப்பின் மேல்பக்கத்தில் எடுத்து வளைத்துக் கீழே இறக்கியிருக்கிறேன், அடியில் ஓடுகிற தண்ணி அதில் ஏறாது. கிளை முடிவில் எஃப்ஆர்எல், அதாவது ஃபில்டர், ரெகுலேட்டர், எண்ணெய்க் கிண்ணம் மூன்றும் ஒன்றாக இருக்கிற செட். இதில் ஒன்று கவனியுங்கள். பெயின்ட் அடிக்கிற லைனை எண்ணெய்க் கிண்ணத்துக்கு முன்பே பிரித்துவிட வேண்டும். எண்ணெய் கலந்த காற்றில் அடித்தால் பெயின்ட் மீன்கண் மாதிரி வட்டவட்டமாக விலகி நிற்கும். ஒரு பானெட்டைத் தேய்த்து மறுபடி அடித்துக் கற்றுக்கொண்டது.

பிரஷர் விஷயத்திலும் நான் ஏமாந்துதான் இருந்தேன். இந்த கன்னுக்கு 90 பிஎஸ்ஐ, அதாவது ஆறு கிலோ சொச்சம். கம்ப்ரசர் மீட்டரில் எட்டு காட்டுகிறதே என்று தைரியமாக இருந்தேன். "கன் ஓடச்சொல்ல பாரு" என்றார் பெரியவர். பார்த்தால், கால் இன்ச் ஹோஸில் ஐம்பது அடி தாண்டி வருவதற்குள் நாலுக்கு இறங்கிவிடுகிறது. ஹோஸை மட்டும் முக்கால் பங்கு நீளம் குறைத்து, கொஞ்சம் அகலமாக 3/8 இன்ச்சில் போட்டேன். பழைய கன்னே புதுசு மாதிரி அடிக்கிறது.

தினமும் காலையில் காற்று நுழைகிற வாயில் நாலைந்து சொட்டு ஏர் டூல் எண்ணெய். நான் விட்டுக்கொண்டிருந்தது மீந்துபோன எஞ்சின் ஆயில். அது கெட்டி, பிளேடு ஒட்டினதுக்கு அதுவும் ஒரு காரணமாம்.

இப்போது பிடித்தம். ரிப்பேர் முடிந்ததும் பெரியவர் ஊதுற கன்னை எடுத்து, தன் சட்டையில் இருந்த தூசியை நெஞ்சோடு சேர்த்து ஊதினார். கண்ணாடியும் போடவில்லை. எனக்குப் பகீர் என்றது. காயம் இருக்கிற இடத்தில் அந்தக் காற்று பட்டால் தோலுக்குள் புகுந்து ரத்தத்தில் குமிழாகப் போகலாம், கண்ணில் பட்டால் கண் போச்சு. அமெரிக்காவில் பொருளைச் சுத்தம் செய்வதற்கே 30 பிஎஸ்ஐ-யைத் தாண்டக் கூடாது என்று விதி. "அண்ணே, மேல ஊதாதீங்க" என்றேன். "இன்னா?" என்றார். கிட்டப்போய் மறுபடி சொன்னேன். வலது காது சரியாகக் கேட்காதாம், நாற்பது வருஷமாகக் காதுக்குப் பக்கத்தில் கன் அடிக்கிறார். அன்றைக்கே என் ரெண்டு பையன்களுக்கும் காது மஃப் வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

மற்ற குறைகள் சின்னவை. வியாழன் என்றால் திங்கள் என்று அர்த்தம். போன் எடுக்க மாட்டார். ஜிஎஸ்டி பில் கேட்டால் சிரிப்பார். மதியம் ஒன்றரையிலிருந்து மூணு வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், தட்டாதீர்கள்.

போகும்போது சாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், கேட்பார். என் பளபளப்பான குரோம் சாக்கெட்டை வெளிச்சத்தில் திருப்பி, தலைமுடி மாதிரி ஓடியிருந்த விரிசலைக் காட்டினார். கையால் முறுக்கத்தான் அது, கன்னுக்கு அடி தாங்குகிற கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான். எனக்குத் திருப்பித் தரவில்லை, மேஜைக்கு அடியில் இருந்த பெயின்ட் டப்பாவில் போட்டார். டப்பா ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருந்தது.